உபாத்தியாயராக இருந்த மகாகனம் சாஸ்திரியார்

சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் மீனவர் குப்பங்களில் 'பாடு' என்று ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை போடுவது என்பதை ஊரார் கூடி, முறை வைத்துத் தீர்மானித்துக் கொள்கின்றனர். அந்த ஏற்பாட்டில் குறையில்லாமல் இல்லை. பாட்டில் பங்கு பெறாத வகுப்பாரும் பெண்களும் அதற்கு வெளியே நிற்கின்றனர் என்ற புகார் நியாயமானதே. ஆயினும், தொழிலைச் செய்கிறவனுக்கு அத்தொழிலின் ஒழுங்கைப் பற்றிப் பேச உரிமையுண்டு என்ற கொள்கை அங்கே உயிரோடு இருக்கிறது.

அதே குப்பத்தின் பள்ளிக்கூடத்திற்குள் நுழைந்து பார்த்தால் நிலைமை வேறு. பாடத் திட்டம், புஸ்தகம், பரீட்சை, பள்ளி நேரம், விடுமுறை, தம்முடைய மாற்றல் ஆகிய அனைத்தும் வேறெங்கோ தீர்மானிக்கப்பட்டு உத்தரவாக வந்து சேருவதையே உபாத்தியாயர் காண்கிறார். மீன் படும் பருவத்தில் பிள்ளைகளின் வருகை குறைந்தால் அதை முதலில் அறிபவர் அவர். அதற்குப் பரிகாரம் யாதென்று கடைசியாகக்கூட கேட்கப்படாதவரும் அவரே. இது பழவேற்காட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. நாட்டின் பெரும்பாலான கிராமப் பள்ளிகளின் குறை. இதைப் பற்றி யோசிக்கும்போது, தம் வாழ்வில் சுமார் 18 ஆண்டுகளை வகுப்பறையில் கழித்த ஒரு பெரியாரின் சரித்திரம் நம் நினைவுக்கு வருகிறது. அவர் மகாகனம் வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். அவரைப் பேச்சாளர் என்றும் ராஜ தந்திரி என்றும் அறிந்தவர் பலர். உபாத்தியாயர் என்று நினைப்பவர் சிலரே.

சாஸ்திரியார் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் புரோகிதம் செய்து ஜீவித்த ஏழை வைதிகர். கும்பகோணத்துப் பள்ளியிலும் சர்க்கார் கலாசாலையிலும் படித்துப் பட்டம் பெற்ற வாலிபர், மாயவரம் முனிசிபல் பள்ளியில் உபாத்தியாயராக அமர்ந்தார். அக்காலத்தில் ஆங்கிலப் பட்டம் பெற்றவர்களுக்கு வக்கீல் தொழிலும் சர்க்கார் உத்தியோகமும் திறந்து கிடந்தன. கெட்டிக்காரர் அவற்றை நாடினர். வேறு வழியற்றவரே சாக்குக்கட்டியை எடுத்தனர் என்பது ஊரார் எண்ணம். பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, சேலம் முனிசிபல் கலாசாலையிலும் வேலை பார்த்துவிட்டு, திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார்.

அந்நாளைய தனியார் பள்ளிகளில் உபாத்தியாயர்களின் நிலை எப்படி இருந்தது என்பதை இன்றைய வாசகர்கள் அறிவது நல்லது. உபாத்தியாயரை வைப்பதும் நீக்குவதும் நிர்வாகிகளின் இஷ்டம். உபகாரச் சம்பளம் கிடையாது. இம்மாகாணத்தில் நெடுநாள் வரையில், இன்ஸ்பெக்டர் முன்னிலையில் பிள்ளைகள் தேறிய கணக்கைப் பார்த்தே உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளுக்கு மான்யம் அளக்கப்பட்டு வந்தது. ஆகவே பிள்ளையின் அறிவு வளர்ந்ததா என்பதைவிட, குறித்த நாளில் அவன் ஒப்புவித்தானா என்பதே பெரிதாயிற்று. இத்தகைய ஏற்பாட்டை வகுத்தவர்கள் வகுப்பறையில் நின்றவர்களைக் கலந்து ஆலோசிக்கவில்லை.

தலைமை ஆசிரியர் என்ற பதவி ஒருவரை இரு வழிகளில் இழுக்கக்கூடியது. நிர்வாகிகளின் கட்டளையை உபாத்தியாயர்களிடம் கொண்டு சேர்ப்பது ஒரு வழி. உபாத்தியாயர்களின் அனுபவத்தை நிர்வாகிகளிடமும் சர்க்காரிடமும் கொண்டு சேர்ப்பது மற்றொரு வழி. சாஸ்திரியார் இரண்டாவது வழியையும் வேண்டினார். சென்னை உபாத்தியாயர் சங்கம் தோன்றுவதற்குத் துணை நின்றவர்களில் அவர் ஒருவர். தனித்தனியே வாய் திறந்தால் வேலைக்கு ஆபத்து என்றிருந்தவர்கள், பல பள்ளிகளிலிருந்தும் ஒன்றுகூடிப் போதனா முறையையும் தம் தொழிலின் குறைகளையும் விவாதிக்க அங்கே இடம் ஏற்பட்டது. 1904-ஆம் ஆண்டில் தோன்றிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலகர்த்தர்களிலும் அவர் ஒருவர். மாதச் சம்பளக்காரர்கள் கடைக்காரர் சொன்ன விலைக்குத் தலையசைக்காமல், தமக்குத் தாமே பண்டசாலை நடத்திக்கொள்ளும் முயற்சி அது. ஒரு சங்கம் உபாத்தியாயரின் வாய்க்கு வழி செய்தது என்றால், மற்றொன்று அவரைப் போன்றோரின் அடுப்புக்கு வழி செய்தது. இவ்விரண்டும் ஒரே மனப்பான்மையிலிருந்து பிறந்தவை என்று நாம் கருதுகிறோம்.

1907-ஆம் ஆண்டில் அவர் பள்ளியை விட்டு, ஸ்ரீ கோபாலகிருஷ்ண கோகலே ஸ்தாபித்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கோகலேயும் உபாத்தியாயராக இருந்தவரே. அவர் வளர்ந்த புனாவின் ஸ்தாபனங்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1880-இல் திலகர், அகர்கர் முதலானோர் ஓர் ஆங்கிலப் பள்ளியை அங்கே தொடங்கினர். 1884-இல் தக்ஷிணக் கல்விச் சங்கமும், 1885-இல் பெர்குஸன் கலாசாலையும் தோன்றின. அங்கே போதிப்பவர்களே ஆயுள் அங்கத்தினராகி, சொற்ப சம்பளத்தில் உழைப்பதாக விரதம் பூண்டு, ஸ்தாபனத்தின் காரியங்களையும் தாமே கூடி நடத்தினர். அவர்களுக்குள் சச்சரவு இல்லாமல் இல்லை. 1890-இல் திலகர் மனம் வேறுபட்டு விலகவும் நேர்ந்தது. ஆனால் அதனால் ஸ்தாபனம் குலைந்துவிடவில்லை. உபாத்தியாயர்கள் கையில் நிர்வாகம் சென்றால் பள்ளி பாழாகும் என்பவர்களுக்கு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நிற்கும் அந்த ஸ்தாபனமே பதில். கட்டாய ஆரம்பக் கல்விக்காக 1911-இல் சட்டசபையில் கோகலே மசோதா கொண்டு வந்ததும் அந்த அனுபவத்தின் பலத்தினால்தான். 1912-இல் அது தோற்கடிக்கப்பட்டது. 1915-இல் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைமை சாஸ்திரியாரிடம் வந்தது.

அவருடைய அரசியலை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1919-இல் ரௌலட் மசோதாவை அவர் எதிர்த்துப் பேசியதை தேசம் மறக்கவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தில் அவர் சேராமல் நின்றதையும், மிதவாதிகளோடு போனதையும் தேசபக்தர்கள் பலர் ஒப்பவில்லை, நாமும் ஒப்புகிறவர்களல்லர். ஆனால் கருத்து வேற்றுமை காந்தியடிகளுக்கும் அவருக்கும் இடையே இருந்த அன்பைக் குலைக்கவில்லை. காந்தியடிகளின் சத்திய சோதனையின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தம் பெயர் வெளியிடாமல் திருத்திக் கொடுத்தவர் இந்தப் பழைய உபாத்தியாயரே.

1927-இல் இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். நேட்டாலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் சந்ததியார், அவர்களில் பெருந்தொகையினர் தமிழர், கல்வியின்றித் தவித்தனர். பள்ளிகளும் குறைவு, பயிற்சி பெற்ற உபாத்தியாயர்களும் குறைவு. வெறுங் கட்டடங்களால் கல்வி வளராது என்பதை அறிந்த சாஸ்திரியார், உயர்தரப் பள்ளியும் உபாத்தியாயர் பயிற்சியும் சேர்ந்த ஒரு கலாசாலைக்கு அங்குள்ள இந்தியர்களிடமே பொருள் திரட்டினார். 1929-இல் டர்பனில் அது திறக்கப்பட்டபோது அவர் தாயகம் திரும்பிவிட்டார்; ஆயினும் அதற்கு அவர் பெயரே இடப்பட்டது. சாஸ்திரி கலாசாலையில் பயின்றவர்கள் அந்நாட்டின் இந்தியப் பள்ளிகளில் பின்னர் உபாத்தியாயர்களாக நின்றனர்.

1935 முதல் 1940 வரையில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அந்த 1940-ஆம் ஆண்டிலேயே அவர் வாழ்வில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. பள்ளிப் பாடங்களுக்கான கலைச்சொற்களை வகுக்க மாகாண சர்க்கார் அவர் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. வடமொழிச் சொற்களுக்கே அதில் முதலிடம் என்றும், தமிழறிஞர்களுக்குத் தக்க இடமில்லை என்றும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. அதன் பின்னரே தமிழறிஞர்கள் கமிட்டியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். உபாத்தியாயர்களின் குரலுக்காகச் சங்கம் கண்டவரே, தமிழ் போதிப்பவர்களின் குரல் போதிய அளவு ஒலிக்காத சபையில் தலைமை வகிக்க நேர்ந்தது வருந்தத்தக்கது. எவ்வளவு பெரியவராயினும், சம்பந்தப்பட்டவர்களைக் கேளாமல் செய்யும் காரியம் கோணலாகும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம். 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி சாஸ்திரியார் காலமானார்.

அவர் காலத்திற்குப் பின் எவ்வளவோ மாறியிருக்கிறது. சம்பளமும் உத்தியோகப் பாதுகாப்பும் சர்க்கார் பள்ளிகளில் பெரிதும் உயர்ந்தன. தனியார் பள்ளி உபாத்தியாயரை அதிகாரிகளின் முன் அனுமதியின்றி நீக்கலாகாது என்று 1973-இல் தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது. கல்விக் கொள்கைகளை வகுப்பதில் ஆசிரியர் ஸ்தாபனங்களைக் கலந்து ஆலோசிக்க வேண்டும் என்று 1966-இல் உலக நாடுகள் கூடிச் சிபாரிசு செய்தன. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோர்களுக்கு அளித்திருக்கிறது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். குப்பத்துத் தாய்மார்கள் பள்ளியின் காரியத்தைப் பேசுவது ஜனநாயகத்துக்கு அழகு. ஜனத்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர்ந்த வேறு வேலைகளை உபாத்தியாயர் மேல் சுமத்தலாகாது என்றும் அச்சட்டம் விதிக்கிறது. ஆயினும் பாடமும் பரீட்சையும் மாற்றலும் தீர்மானிக்கப்படும் இடத்தில் கிராமத்து உபாத்தியாயருக்கு நாற்காலி இன்னும் போடப்படவில்லை.

உபாத்தியாயர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளத்தையும் படியையும் பற்றி அவை பேசுவது தவறன்று. பட்டினி கிடப்பவன் நன்றாகப் போதிக்க முடியாது. ஆனால் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும் அதே ஊக்கத்துடன் பேசினால்தான் ஜனங்கள் அவர்கள் பக்கம் நிற்பர். சாஸ்திரியார் தலைமுறையின் சங்கம் போதனா முறையையும் தொழில் குறையையும் ஒரே கூட்டத்தில் விவாதித்தது.

பழவேற்காட்டு மீனவர் தம் ஏரியின் ஒழுங்கைத் தாமே கூடிப் பேசுகின்றனர். அவர்கள் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பவருக்கும் அந்த உரிமை வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் வருஷ ஆரம்பத்தில் உபாத்தியாயர்களைக் கூட்டி, பள்ளி நேரம், விடுமுறை, பாடம் ஆகியவற்றில் அவர்கள் அபிப்பிராயத்தை எழுத்து மூலம் பெற்று, ஏற்றதையும் தள்ளியதையும் காரணத்தோடு வெளியிட வேண்டுமென்று சர்க்காரை நாம் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; கேட்கும் மனம் ஒன்றே வேண்டும்.