ஆசியா என்ற சிறுகோளும் அதைக் கண்டவரும்

நாம் வாழும் கண்டத்தின் பெயரில் ஒரு சிறுகோள் சூரியனைச் சுற்றி வருகிறது. ஆசிய மண்ணிலிருந்து முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் என்பதால் அதற்கு அந்தப் பெயர். கண்டவர் நோர்மன் ரொபர்ட் பொக்சன். இடம் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையம். நாள் 1861 ஏப்ரல் 17.

1829இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் பிறந்த பொக்சன், ஒக்ஸ்போர்டில் பணியாற்றியபோது 1856இல் தமது முதலாவது சிறுகோளைக் கண்டார். அதற்கு ஐசிஸ் என்று பெயர். அவருடைய மகளின் பெயரும் அதுவே. அதே ஆண்டு விண்மீன்களின் ஒளித்தரத்துக்கு ஒரு கணித அளவையும் முன்வைத்தார். ஐந்து படிகள் வேறுபட்டால் ஒளி 100 மடங்கு வேறுபடும் என்ற அந்த அளவே இன்றும் பயன்படுகிறது. அதற்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே விண்மீன்களின் ஒளித்தரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தி எழுதியவர் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்பதை எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

1861இல் பொக்சன் சென்னையின் அரசாங்க வானியலாளரானார். அன்று சிறுகோளைத் தேட புகைப்படம் உதவவில்லை. விண்மீன் வரைபடத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி தென்பட்டால் அடுத்தடுத்த இரவுகளிலும் அதைத் தொடர வேண்டும்; இடம் மாறியிருந்தால்தான் அது சிறுகோள். இப்படியே ஆசியா, சப்போ, சில்வியா, கமிலா, வேரா என ஐந்தை அவர் சென்னையிலிருந்து கண்டார். மகள் ஐசிஸும் வளர்ந்து அங்கே அவருக்கு உதவியாளரானார். 30 ஆண்டுகள் அப்பணியிலிருந்த பொக்சன், 1891இல் சென்னையிலேயே காலமானார். அதே ஆண்டின் இறுதியில்தான் ஜேர்மனியில் புகைப்படத்தின் மூலம் முதலாவது சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது.

அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியை மறந்துவிடக் கூடாது. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டவர் அவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைப் பொதுமக்கள் விளங்கிக்கொள்ளத் தமிழ் உட்படப் பல மொழிகளில் நூல் வெளியிட்டார். சிறுகோளுக்குப் பெயர் முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு. ஆனால் ரகுநாதாச்சாரி கண்ட விண்மீனுக்கு, வழமைப்படி, ஓர் எழுத்தும் அது இருக்கும் விண்மீன் குழுவின் பெயருமே கிடைத்தன.

பிறை பார்க்க வருடந்தோறும் வானத்தை நோக்கும் சமூகம் நாம். அந்தப் பார்வை பிறையுடன் நின்றுவிடக் கூடாது. அதே வங்கக் கடலின் கரையில்தான் எமது உப்புவெளியும் இருக்கிறது. பாடசாலைக்கு ஒரு விண்மீன் வரைபடம், மாதத்துக்கு ஓர் இரவு, துணைக்கு ஓர் ஆசிரியர். ஆரம்பிக்க இவை போதும். பெயர் வைக்கும் உரிமை, பொறுமையாகப் பார்த்தவருக்கே கிடைக்கிறது.