மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

தமிழில் முதல் நாவலை எழுதியவர் என்றே வேதநாயகம் பிள்ளை அவர்களை நம்மவர் பெரும்பாலும் அறிவர். அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி கோர்ட்டில் கழிந்தது என்பதை நினைப்பவர் சிலரே. அந்த வேதநாயகரைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம்.

1826-ல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்த அவர், திருச்சி கோர்ட்டில் தஸ்தாவேஜுகளைக் காக்கும் சிறு உத்தியோகத்தில் அமர்ந்து, பின் மொழிபெயர்ப்பாளரானார். 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி பெற்று, சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்து, 1872-ல் விலகினார். குடியானவன் தமிழில் சொன்னது இங்கிலீஷாகி மேலே போவதையும், உத்தரவு இங்கிலீஷில் இறங்கி வருவதையும் அவர் நாள்தோறும் கண்டவர். போகும்போதும் வரும்போதும் கூலி கொடுப்பவன் அந்தக் குடியானவனே.

பிராது எழுதக் கூலி, வக்கீலுக்குப் பீஸ், நகலுக்குக் கட்டணம். இவற்றுக்கெல்லாம் முன்னே ஸ்டாம்பு. 1870-ம் வருஷத்துக் கோர்ட்டுக் கட்டணச் சட்டப்படி, நூறு ரூபாய்க் கடனுக்குப் பிராது கொடுப்பவன் ஏழரை ரூபாய் கட்ட வேண்டும். கடன் வராவிட்டாலும் ஏழரை ரூபாய் போனது போனதே. இதைக் குறைக்க ஒரு முன்சீப்பால் ஆகாது. தம்மால் ஆனதை அவர் முன்னமே செய்திருந்தார். 1805 முதல் 1861 வரை ஸதர் கோர்ட்டு அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரால் வெளியிட்டார். தன் வழக்கு நிற்குமா நிற்காதா என்பதை ஸ்டாம்பு வாங்குமுன்னரே ஒருவன் அறியக்கூடுமானால், மிச்சமாகும் பணம் எவ்வளவு!

எழுத்தறியாதவனுக்கு அச்சிட்ட தமிழும் எட்டாது என்பார்கள். உண்மையே. ஆயினும் தமிழில் ஒருவர் வாசித்தால் திண்ணையில் பத்துப் பேர் கேட்பர். இங்கிலீஷ் புஸ்தகத்துக்கு அந்தப் பாக்கியம் ஏது?

1879-ல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், தமிழ்க் கக்ஷிக்காரனுக்காகத் தமிழ் வக்கீல் இங்கிலீஷில் வாதிப்பதை அவர் வன்மையாகப் பரிகசித்தார். இருபது வருஷங்களுக்கு மேல் உள்ளேயிருந்து பார்த்தவரின் பரிகாசம் அது. வெளியிலிருந்து எறிந்த கல் அன்று.

வேதநாயகர் 1889-ல் காலமானார். தமிழ்நாட்டில் ஏழரை சதவிகிதக் கட்டணம் மூன்றாகக் குறைந்தது 2017-ல்தான். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழுக்குச் சட்டப்படி இடம் கிடைத்துவிட்டது. சென்னை ஹைகோர்ட்டின் தீர்ப்புகளோ இன்னும் இங்கிலீஷிலேயே எழுதப்படுகின்றன. அங்கே அப்பீலுக்குப் போகிறவன் தன் தமிழ்த் தஸ்தாவேஜுகளை மொழிபெயர்க்க இன்றும் தன் மடியையே அவிழ்க்கிறான்.