கைவிளக்கும் கணக்கு நோட்டும்



கையில் விளக்கோடு நோயாளிகளைப் பார்க்கப் போகும் நைட்டிங்கேல் அம்மையார் படத்தை நாம எல்லாரும் பார்த்திருப்போம். அவர் கணக்கிலும் கெட்டிக்காரர் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820 மே 12-ல் இத்தாலியில் பிறந்தார். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். சின்ன வயசிலேயே கணக்கு என்றால் ரொம்பப் பிடிக்கும். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அந்த வேலைக்கு மதிப்பு கிடையாது. பல வருஷம் பொறுத்திருந்து, கல்யாணமும் வேண்டாமென்று சொல்லி, நினைத்ததைச் செய்தார்.

1854-ல் கிரிமியா யுத்தம் நடந்தபோது, 38 பெண்களைக் கூட்டிக்கொண்டு துருக்கியில் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரே அழுக்கு, எலி, பேன். கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை அடைத்துக் கிடந்தது. இறந்தவர்கள் கணக்கோ ஒரு நோட்டுக்கும் இன்னொரு நோட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. ராத்திரி பகலாகப் பாடுபட்டும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்த 100 பேரில் 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் அரசாங்கம் அனுப்பிய குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்தது. ஜூனில் அது 100-க்கு 2 ஆனது.

ஊர் திரும்பியதும் வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டார். காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்கள் பல மடங்கு. தான் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் என்று தெரிந்தபோது அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் மூடி மறைக்கவில்லை. மாதம் மாதமாக, பூ இதழ் மாதிரி வட்டப்படம் வரைந்தார். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றதுக்குக் கறுப்பு. பெரிய அதிகாரிகளுக்கும் பார்த்தவுடன் புரிந்தது. 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினரானார்.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பள்ளி தொடங்கினார். மாணவிகள் நோயாளிகளைப் பற்றி நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆக்ஸ்போர்டில் புள்ளியியல் சொல்லித்தரப் பேராசிரியர் வேண்டுமென்றும் முயன்றார். அது நடக்கவில்லை. 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயசில் இறந்தார். இன்றைக்கு எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறவர்களுக்குப் புள்ளியியலும் ஒரு பாடம்.

நம்ம பெண்பிள்ளைகள் பலபேர் நர்ஸ் படிக்க ஆசைப்படுறாங்க. அதுக்கு எதுக்குக் கணக்கு என்று கேட்டால் இந்த அம்மையாரின் கதையைச் சொல்லுங்கள். நாமும் குழு நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுவோம். எழுதி வைத்தால்தான் எங்கே ஓட்டை என்று தெரியும், அடைக்கவும் முடியும்.