ஏழையின் கணக்கை எழுதிய பெருமகன் ஜே. சி. குமரப்பா

வறுமையை வினைப்பயன் என்று கூறிவிட்டு அமைதி கொள்வோர் பலர். இரக்கம் மேலிட்டு ஒருவேளை உணவளித்து, அத்துடன் தம் கடமை முடிந்தது எனக் கருதுவோரும் உளர். உழைக்கின்றவன் ஏன் வறியவனாகவே இருக்கிறான், அவன் விளைத்த பொருளின் பயன் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் தஞ்சையில் தோன்றிய ஜே. சி. குமரப்பா. பிறப்பாலும் பற்றாலும் அவர் கிறித்தவர். ஆயினும் பொருள் ஈட்டுவதிலும் நுகர்வதிலும் கொல்லாமை அறம் எவ்வாறு நிற்க வேண்டும் என்று அவர் ஆராய்ந்தது, அவ்வறத்தைத் தலைமேற்கொண்ட நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

இளமையும் கல்வியும்

1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் சாலமன் துரைசாமி கார்னிலியஸ் பொதுப்பணித் துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் இராஜநாயகம். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னிலியஸ். இலண்டன் மாநகர் சென்று கணக்குத் தணிக்கைக் கல்வி பயின்று தேர்ந்தார். பின்னர்ப் பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி நல்ல வருவாயுடன் வாழ்ந்தார். உடையும் உணவும் பழக்கமும் முற்றிலும் மேனாட்டு முறையிலேயே அமைந்திருந்தன.

1927இல் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகத்தில் பட்டம் பெற்று, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயிலச் சேர்ந்தார். அந்நகரில் ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் வறுமையுற்றிருக்கிறது என்பது பற்றி ஒருநாள் உரையாற்றினார். அவ்வுரையைப் பற்றிய செய்தி நாளேட்டில் வெளிவந்தது. அதனைக் கண்ட அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதனையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். அரசின் வரவு செலவையும் மக்களின் வறுமையையும் இணைத்து ஆராயத் தொடங்கிய குமரப்பா திகைத்துப் போனார். ஏழை உழவனிடமிருந்து திரட்டிய வரி படைக்கும், அயலார் ஊதியத்துக்கும், கடன் வட்டிக்கும் சென்றுவிட, உழவனுக்குத் திரும்பி வந்தது மிகச் சொற்பமே. தணிக்கையாளராக எத்தனையோ வணிக நிலையங்களின் ஏடுகளைப் புரட்டியவர், தம் நாட்டின் ஏட்டை அன்றுதான் முதன்முதலாகத் திறந்து பார்த்தார்.

காந்தியடிகளும் மாதர் வட்டமும்

தாயகம் திரும்பியபின் 1929 மே மாதத்தில், தம் ஆய்வு நூலை வெளியிடும் நோக்கத்துடன் சாபர்மதி ஆசிரமம் சென்று காந்தியடிகளைக் கண்டார். மரத்தடியில் சாணமிட்ட தரையில் அமர்ந்து ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவரே தாம் காண வந்தவர் என்றறிந்ததும், பட்டாலான மேனாட்டு உடையுடன் குமரப்பா அத்தரையிலேயே அமர்ந்தார். அவ்வாய்வைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட இசைந்த அடிகள், குஜராத்தில் ஒரு வட்டாரத்தின் பொருளாதார நிலையை நேரில் அளந்தறிந்து தருமாறும் கேட்டுக்கொண்டார். மொழி அறியேன் என்றார் குமரப்பா. குஜராத் வித்தியாபீட மாணவர்கள் துணை நிற்பர் என்று மறுமொழி வந்தது. கார்னிலியஸ் என்னும் பெயரை விடுத்துக் குமரப்பா என்னும் குடும்பப் பெயரை அவர் ஏற்றதும், கதர் உடுத்தத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தில் 54 கிராமங்களுக்கு மாணவர்களுடன் சென்று தகவல் திரட்டினார். நிலம், கால்நடை, கடன், நிலவரி, உணவு ஆகியவற்றை வீடு வீடாகக் கேட்டெழுதினார்கள். வேளாண்மையில் உழவனுக்கு எஞ்சுவது இன்னதென்று பாராமலேயே நிலவரி விதிக்கப்படுவதை அவ்வாய்வு எண்களால் மெய்ப்பித்தது. கிராமத்தவர் வறுமைக்குச் சோம்பலே காரணம் என்று நகரத்தார் கூறிவந்த எளிய விடை அதன்முன் நிற்கவில்லை.

1930இல் உப்பு அறப்போர் எழுந்தபோது யங் இந்தியா இதழின் பொறுப்பை ஏற்றார்; அதன் பயனாகச் சிறை புகுந்தார். விடுதலையடைந்த பின்னர், இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையேயுள்ள கடன் கணக்கை ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவில் 1931இல் பணியாற்றினார். மீண்டும் சிறைவாசம்.

கணக்கில் கண்டிப்பு

1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. இராஜேந்திர பிரசாத் அவர்கள் தலைமையில் துயர் துடைக்கும் குழு அமைந்தது. அதன் நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். காந்தியடிகள் தம் குழுவினருடன் பாட்னாவுக்கு வந்தபோது, அவர்களின் செலவையும் மோட்டார் வண்டியின் எண்ணெய்ச் செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று மகாதேவ தேசாயிடம் தெரிவித்துவிட்டார். செய்தி அடிகளின் காதுக்கு எட்டியது. துயருற்றோருக்காக மக்கள் கொடுத்த பணம் வேறெதற்கும் செல்லலாகாது என்று குமரப்பா அவரிடமும் விளக்கினார். அடிகள் அதனை ஒப்புக்கொண்டார். பொதுப்பணத்தில் ஒரு காசும் தன் உரிமையன்று என எண்ணுவதே கள்ளாமை விரதத்தின் உட்பொருள் அன்றோ?

மகன்வாடியில்

அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தோன்றியது. ஜம்னாலால் பஜாஜ் வழங்கிய, வார்தாவிலுள்ள மகன்வாடி அதன் இருப்பிடமாயிற்று. குமரப்பா அதன் செயலாளரானார். அவர் வாழ்வின் நடுவாய் அமைந்த பணி இதுவே.

அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். கிராமத்தில் விளையும் பொருள் கிராமத்தை விட்டுச் செல்லும்போது, அதனுடன் வேலையும் ஏன் வெளியேறுகிறது? நெல் ஆலைக்குச் சென்றால், குத்திக் கூலி பெற்ற பெண்கள் பிழைப்பிழந்தனர். தவிடு நீங்கி வெளுத்த அரிசியால் உண்பவர் உடலும் நலிந்தது. எள்ளும் கடலையும் நகரத்து ஆலைக்குச் சென்றால், செக்கு நின்றது. மாட்டுக்குப் பிண்ணாக்கும் கிட்டாமற்போயிற்று. ஒரு தொழில் அழிய, அதனைச் சார்ந்த நான்கு தொழில்கள் அழிந்தன. ஆதலால் கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், கைக்காகிதம், வழலை, இயல்பாக இறந்த மாட்டின் தோலைப் பதனிடல் ஆகியவற்றை மகன்வாடியில் சோதித்துச் செம்மை செய்து கற்பித்தனர். கரும்பு நல்ல நன்செய்யைக் கொள்ளும். பனையோ வறண்ட நிலத்தில் தானே நிற்கும். எனவே பனைவெல்லம் பெருகினால் நன்செய் உணவுத் தானியத்துக்கு மிஞ்சும் என்பது அவர் கணிப்பு. மண்ணெண்ணெய்க்குப் பணம் வெளியே போகாதிருக்க, உள்ளூர்த் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கே உருவாயிற்று. 1938 டிசம்பர் 30ஆம் நாள் காந்தியடிகள் திறந்துவைத்த மகன் சங்கிரகாலயம் என்னும் காட்சிச்சாலை அம்முயற்சிகளை மக்களுக்கு எடுத்துக்காட்டியது.

எல்லாம் எளிதில் கைகூடின என்று சொல்வதற்கில்லை. கைத்தொழிற் பொருளின் விலை ஆலைப் பொருளின் விலையைவிடக் கூடுதலாகவே இருந்தது. உலக்கையும் திரிகையும் பெண்களுக்குக் கடும் உழைப்பு என்பதும் மெய்யே. அதனாலேயே பழைய கருவியை அப்படியே போற்றாமல், உழைப்பைக் குறைக்கும் வகையில் திருத்த வேண்டும் என்று சங்கம் முயன்றது. எந்திரம் வேண்டாம் என்பதன்று அவர் கொள்கை. மனிதனைப் பயனற்றவனாக்கி ஒதுக்கும் எந்திரமே வேண்டாம் என்றார்.

நிலைத்து நிற்கும் பொருளாதாரம்

1942 இயக்கத்தில் மீண்டும் சிறை சென்ற அவர், ஜபல்பூர்ச் சிறையில் தம் தலைசிறந்த நூலை எழுதினார். நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூல், காந்தியடிகளின் முன்னுரையுடன் 1945இல் வெளியாயிற்று. இயற்கையில் உயிர்கள் வாழும் முறைகளை ஐந்து படிகளாக அதில் வகுத்தார். பிற உயிரை அழித்து வாழ்வது கடைப்படி. குரங்கு மாந்தோப்பில் செய்வதுபோல், ஒன்றும் தராமல் பறித்துக்கொள்வது அடுத்த படி. தேனெடுக்கும் வண்டு மலரைக் காய்க்கச் செய்வதுபோல், உழைத்துப் பெற்றுத் திரும்பக் கொடுப்பது மூன்றாவது. தன் கூட்டம் முழுவதற்காகவும் உழைப்பது நான்காவது. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் தொண்டே தலைப்படி. மனிதன் தன் தொழில் எப்படியில் நிற்கிறது என்று தானே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது கருத்து. நிலக்கரி, எண்ணெய் போலத் தோண்டத் தோண்டக் குறையும் பொருள்மேல் கட்டிய வாழ்வு பூசலிலும் போரிலும் முடியும் என்றும் எச்சரித்தார். மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தாருக்கும் விதித்த நம் முன்னோர் வாக்கும் இதனுடன் இயைவதை அன்பர்கள் உணர்வர்.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவரானார். இடைத்தரகர் ஒழிய வேண்டும், உழுபவனுக்கே நிலம் உரியதாக வேண்டும், தனியொருவர் கையிலுள்ள நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949இல் அக்குழு அறிக்கை அளித்தது. கைம்பெண்டிர், சிறார், உடற்குறையுற்றோர் ஆகியோர் மட்டுமே நிலத்தைக் குத்தகைக்கு விடலாம் என வரையறுத்தது அதன் நுண்ணிய இரக்கத்தைக் காட்டும். எனினும் நாடு பேராலைகளின் வழியைத் தேர்ந்தது. தம்முடன் சிறையிருந்தவர்கள் ஆட்சியில் அமர்ந்தபோதும் குமரப்பா பதவியை நாடவில்லை. தவறெனக் கண்டதைக் கடிந்துரைக்கவும் தயங்கவில்லை. அவர் சினம் பலரை விலகச் செய்தது. வார்தாவுக்கு அருகில் சேல்டோ என்னும் சிற்றூரில் பண்ணை ஆசிரமம் அமைத்துச் சமச்சீர் வேளாண்மையைச் சோதித்துப் பார்த்தார்.

உடல் நலிவுற்றபின், மதுரைப் பகுதியிலுள்ள டி. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் தங்கினார். இல்லறம் ஏற்காதவர், சேர்த்துவைத்த செல்வமும் இல்லை. அக்குடிலில் ஓர் ஏழை உழவனின் படம் இருந்தது. காந்தியடிகள் தம் ஆசான் என்றும், அவ்வுழவனே தம் ஆசானுக்கும் ஆசான் என்றும் அவர் கூறுவது வழக்கமாம். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் தம் 68ஆம் அகவையில் மறைந்தார்.

அவர் கண்ட திட்டங்கள் பல நிறைவேறவில்லை. ஆயினும் மண்ணின் நலமும் நீரின் அளவும் குறித்து உலகம் கவலையுறும் இந்நாளில், அவர் நூலைத் தேடிப் படிப்போர் பெருகுகின்றனர். நாமும் ஒன்று செய்யலாம். நம் இல்லத்து அரிசியும் எண்ணெயும் ஆடையும் எங்கிருந்து வருகின்றன, அவற்றின் விலையில் உழைத்தவன் கைக்குச் சேர்வது எவ்வளவு என்று ஒருமுறை கேட்டறியலாம். பிள்ளைகளையும் கேட்கச் செய்யலாம். தானம் சிறந்த அறம். தானம் பெறும் நிலை பிறர்க்கு நேராமல் வாங்கி விற்று வாழ்வது அதனினும் சிறந்த அறம். அக்கணக்கை நமக்குக் கற்பித்துச் சென்ற குமரப்பாவின் புகழ் ஓங்குக!