கரன்ட்டுக்காகப் போராடியவர், கரிசலில் கண்மூடினார்!

தமிழ்நாட்டுல விவசாயத்துக்கு கரன்ட் ஃப்ரீ. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா, யூனிட்டுக்கு சில பைசா கட்டண உயர்வை எதிர்த்ததுக்காக இங்கே விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?

அந்தப் போராட்டத்தின் முகம், சி.நாராயணசாமி நாயுடு. 1925-ல் கோவை பக்கத்துல வையம்பாளையத்தில் பிறந்த விவசாயி. 1970-ல் பம்ப்செட் கரன்ட் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக அரசு உயர்த்தியது. விவசாயிகள் தெருவுக்கு வந்தாங்க. ஜூன் 19-ம் தேதி பெருமாநல்லூர் துப்பாக்கிச்சூட்டில் 3 பேர் இறந்தாங்க. அதுக்குப் பிறகு குறைஞ்சது 1 பைசா!

1972-ல் கட்டணம் 12 பைசாவாக ஏற, மாட்டுவண்டிகளை ஓட்டிட்டு வந்து கோவை நகரத்தையே ஸ்தம்பிக்க வெச்சாங்க. அந்த வருஷம் ஜூலை 5-ம் தேதி போராட்டத்திலும் உயிர்கள் போச்சு. இன்னிக்கும் அந்த நாளில் விவசாய சங்கங்கள் அஞ்சலி செலுத்துது. மறு வருஷமே தமிழக விவசாயிகள் சங்கம் உருவானது.

சரி, கோவில்பட்டி கரிசல்காட்டுக்கு இவர் எப்படி வந்தார்? இங்கே பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசியில் மழையை நம்பி புழுதியில விதைப்பாங்க. பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, மல்லின்னு எல்லாமே வானத்தைப் பார்த்துதான். கிணறும் மோட்டாரும் இல்லாத சம்சாரிக்கு கரன்ட் பில் பிரச்னை இல்லை. மழை பொய்ச்சா விதைக்கு வாங்கின கடன் கழுத்தை நெரிக்கும். நல்லா விளைஞ்சா விலை படுத்துடும். கரன்ட்டோடு சேர்த்து கடன் தள்ளுபடி, கட்டுப்படியாகும் விலைன்னு நாயுடு பேசினது, இந்த மண்ணோட வலியும்தான்.

1982-ல் தனிக் கட்சி ஆரம்பிச்சார். 1984 டிசம்பர் 24 வாக்குப்பதிவு. அதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி, பிரசாரத்துக்கு வந்த கோவில்பட்டியிலேயே மாரடைப்பில் இறந்தார். வயசு 59. மார்கழி மாசம். உளுந்தும் பாசியும் அறுப்புக்கு வர்ற நேரம்.

1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. மோட்டார் இல்லாத கரிசல் சம்சாரிக்கோ, அவர் கேட்டதில் கட்டுப்படியாகும் விலை மட்டும் இன்னும் பாக்கி.