விடுக்கப்படாத நிருபம்

ஐக்கிய அமெரிக்காவின் 16ஆம் அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1809ஆம் ஆண்டிலே கென்ரக்கியில் ஒரு மரக்குடிலிற் பிறந்தவர். இளமையில் அவர் எழுத்துப் பிறரைச் சுடுவதாயிருந்தது. 1842இல் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்னும் உத்தியோகத்தரை இகழ்ந்து, பெயர் மறைத்துப் பத்திரிகைக்கு எழுதினார். சினந்த ஷீல்ட்ஸ் தனிப்போருக்கு அழைத்தார். மிசிசிப்பி ஆற்றிடைத் தீவொன்றில் வாட்போர் நிகழவிருந்த வேளையில், நண்பர்கள் இடைபுகுந்து சமாதானஞ் செய்தனர். 1861இல் அந்த ஷீல்ட்ஸையே லிங்கன் தமது படையில் ஒரு சேனைத் தலைவராக நியமித்தார்.

1863ஆம் ஆண்டு யூலை மாதத்திலே கெற்றிஸ்பேக் போரில் வென்ற சேனாதிபதி மீட், தோற்ற லீயின் படையைப் பொற்றோமாக் ஆறு கடந்து தப்பவிட்டார். அதிபரின் அதிருப்தியைத் தலைமைச் சேனாதிபதி ஹாலெக் தந்திமூலம் அறிவிக்க, மீட் பதவி துறக்க முன்வந்தார், அஃது ஏற்கப்படவில்லை. 14ஆந் திகதி லிங்கன் மீட்டுக்கு நிருபம் வரைந்தார். வெற்றிக்கு நன்றி கூறியபின், தம் மனத்துயரைக் கடிய சொற்களால் ஒளியாதுரைத்தார். எனினும், அதில் ஒப்பமிட்டிலர், அனுப்பவுமில்லை. அதனை உறையின்மேற் குறித்து வைத்தார். மீட் 1865இல் போர் முடியுமட்டும் அப்படைக்கே தலைவராயிருந்தார். அவ்வாண்டிலேயே லிங்கன் கொலையுண்டிறந்தார்.

குறை இன்னதென மீட் அறிந்தேயிருந்தார். புண்படுத்துஞ் சொற்களே அவரை அடையவில்லை. இல்லத்தாரோடும் நண்பரோடும் குறைபேச நேருங்கால், யாமும் சினத்தில் எழுதியதை ஓரிரவு பெட்டியில் வைத்திருந்து, காலையிற் படித்துப் பார்ப்போமாக. சொல்லவேண்டிய குறை அப்பொழுதும் அங்கிருக்கும். சொல்லத்தகாதன தாமே புலப்படும்.