பேராசிரியர் றொபேட்சன் சிமித் சரித்திரம்

சமயம் என்பது யாது என்னும் வினாவை ஆராய்வோர் இருதிறத்தினர். ஒருசாரார், மனிதர் முதலில் ஒன்றை நம்பினர், நம்பியபடியே பின்னர்க் கிரியைகளை வகுத்தனர் என்பர். மற்றொருசாரார், மனிதர் முதலிற் கூடிக் கிரியைகளைச் செய்தனர், அவற்றிற்குரிய காரணங்களும் கதைகளும் பின்னரே எழுந்தன என்பர். இவற்றுள் இரண்டாம் நெறியை ஐரோப்பியக் கல்வியுலகிலே தெளிவுற நிலைநாட்டியவர் உவில்லியம் றொபேட்சன் சிமித் என்னும் பேராசிரியர். தாம் கண்ட உண்மையை மறையாது எழுதியமையால், தம் சொந்தச் சபையாராலே விசாரிக்கப்பட்டு உத்தியோகம் இழந்தவர் இவர். மானிடவியலார் இவரைத் தம் முன்னோருள் ஒருவராக இன்றும் எண்ணுகின்றனர். இவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

ஸ்கொத்லாந்து தேசத்தின் வடகீழ்ப் பாகத்திலே அபர்தீன் நாட்டைச் சார்ந்த கீக் என்னும் சிற்றூரில், 1846ஆம் வருடம் நவம்பர் மாதம் 8ஆந் திகதி இவர் பிறந்தார். தந்தையார் சுயாதீனத் திருச்சபையின் குருமாருள் ஒருவர். அச்சபை, குருமாரை நியமிக்கும் அதிகாரத்தில் நிலக்கிழாரும் அரசினரும் தலையிடுதலைப் பொறாது, 1843ஆம் வருடம் அரசாங்கச் சபையினின்றும் பிரிந்து, வீடும் வேதனமும் துறந்து வெளியேறியவர்களாலே தாபிக்கப்பட்டது. மனச்சாட்சியின் பொருட்டு நட்டமடைதல் அக்குடும்பத்தார்க்குப் புதிதன்று.

தந்தையார் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டினார். சிமித் இளமையிலேயே இலத்தீனும் கிரேக்கும் கணிதமும் கற்றுத் தேறி, பதினைந்தாம் வயதிலே அபர்தீன் சர்வகலாசாலையிற் புகுந்தார். அக்காலத்திற் சயரோகம் அக்குடும்பத்தை வருத்தியது. உடன்பிறந்தார் சிலர் இளமையிலேயே இறந்தனர். இவரும் மெலிந்த தேகத்தினர். ஆயினும் உழைப்பிலும் வாதத்திலும் இளைப்பறியாதவர். எடின்பரோவிலே சமயக் கல்வி பயின்றதோடு, பௌதிக சாத்திரப் பேராசிரியர் தேற்று என்பவருக்கு உதவியாசிரியராகவும் இருந்தார். ஜெர்மனி தேசத்துக்குச் சென்று, வேதாகமத்தைச் சரித்திர முறையால் ஆராயும் வழியையும் அறிந்தார். 1870ஆம் வருடம், இருபத்துமூன்று வயதிலே, அபர்தீனிலுள்ள தம் சபையின் கல்லூரியில் எபிரேய பாஷைப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

அந்நாளிலே என்சைக்கிளோப்பீடியா பிரித்தானிக்கா என்னும் பேரகராதியின் ஒன்பதாம் பதிப்பு வெளிவரத் தொடங்கியது. அதன்கண் வேதாகமத்தைப் பற்றிய கட்டுரையை எழுதும்படி சிமித் கேட்கப்பட்டார். 1875ஆம் வருடம் வெளிவந்த அக்கட்டுரையிலே, மோசேயின் பெயரால் வழங்கும் ஆகமங்கள் ஒருவரால் ஒரே காலத்திற் செய்யப்பட்டன அல்ல என்றும், அவற்றுள் உபாகமம் மோசேக்கு நெடுங்காலத்துக்குப் பிற்பட்டது என்றும் அவர் எழுதினார். ஜெர்மானிய அறிஞர்க்கு இவை புதியன அல்ல. ஸ்கொத்லாந்திலோ, குருமாரைப் பயிற்றும் ஆசிரியர் ஒருவர் இவ்வாறு எழுதியமை பெருங்கலகத்தை விளைத்தது.

1877ஆம் வருடம் சபையார் அவரைக் கற்பித்தலினின்றும் நிறுத்திவைத்து, குற்றப்பத்திரிகை வகுத்து விசாரிக்கத் தொடங்கினர். விசாரணை ஆண்டுக்கணக்காக நீண்டது. சிமித் அஞ்சி ஒளித்தாருமல்லர், நம்பிக்கையைத் துறந்தாருமல்லர். வேதநூல் எக்காலத்தில் எவரால் எழுதப்பட்டது என்பது சரித்திர விஷயம், அதனை ஆராய்தலால் அந்நூலின்வழி இறைவன் பேசுகின்றான் என்னும் விசுவாசம் கெடாது என்பதே அவர் கட்சி. 1880ஆம் வருடம் மே மாதத்திலே கூடிய மகாசபை, மிகச் சிறு வாக்கு வேற்றுமையால், அவருக்குப் புத்திகூறி விடுதலை அளித்தது. சில நாட்களுள், அவர் முன்னரே எழுதிக்கொடுத்திருந்த எபிரேய மொழியையும் இலக்கியத்தையும் பற்றிய கட்டுரை வெளிவந்தது. எதிரிகள் மீண்டும் எழுந்தனர். 1881ஆம் வருடம் மகாசபை அவரை ஆசிரியர் பதவியினின்றும் நீக்கியது. குருத்துவத்தைமட்டும் பறித்திலது.

வழக்கு நடந்த ஆண்டுகளை அவர் வீணே கழித்திலர். எகிப்து, பலஸ்தீனம், சிரியா ஆகிய தேசங்களிற் சஞ்சரித்தார். 1880ஆம் வருடத் தொடக்கத்திலே அராபிய உடை தரித்து ஜித்தாவினின்றும் தாயிப் நகர்வரைக்கும் சென்றார். பாலைநிலத்தாருள், அந்நியன் ஒருவன் ஒருவரோடு சிறிது உணவு உண்டாலும், அவ்வுணவு அவனுடலில் தங்கும் என்று கருதப்படும் காலம்வரைக்கும் அவனைக் காத்தல் அவர் கடன் என்னும் வழக்கம் உண்டு. கூடியுண்டல் உறவை ஆக்கும் என்னும் இவ்வழக்கம், அவர் பிற்காலத்து ஆராய்ச்சிக்கு ஒரு திறவுகோல் ஆயிற்று.

பதவி இழந்த பின்னர் அப்பேரகராதியின் துணைப் பத்திராசிரியராகவும், 1887ஆம் வருடத்தின் பின் தலைமைப் பத்திராசிரியராகவும் இருந்து அதனை நிறைவேற்றினார். 1883ஆம் வருடம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவரை அராபி பாஷைப் பேராசிரியராக ஏற்றது. 1886இல் அதன் புத்தகசாலைத் தலைவரும் ஆனார். ஆங்கே ஜேம்ஸ் பிரேசர் என்னும் இளைஞரோடு நட்புக்கொண்டு, விலக்கு, குலக்குறி என்னும் விஷயங்களைப் பற்றிப் பேரகராதிக்கு எழுதும்படி அவரை ஏவினார். அவ்வேலையிற் புகுந்த பிரேசர், 1890ஆம் வருடம் பொற்கிளை என்னும் பெருநூலை வெளியிட்டு, அதனைச் சிமித்துக்கே உரிமையாக்கினார்.

1888ஆம் வருடந் தொடங்கிச் சிமித் செய்த பிரசங்கங்களே அவர் பெயரை நிலைநிறுத்தின. அவை நிகழ்ந்த இடம், ஏழாண்டுகளுக்கு முன் அவர் பதவி இழந்த அதே அபர்தீன் நகரம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. முதற்றொகுதி 1889ஆம் வருடம் செமித்தியர் சமயம் என்னும் பொருளுடைய பெயரோடு வெளிவந்தது. அதன் சாரத்தை எம் சொல்லாற் கூறுதும்.

பண்டைச் சமயங்களுக்கு விசுவாசப் பிரமாணம் என்று எழுதிவைக்கப்பட்டது ஒன்றும் இல்லை. ஒரு கிரியைக்குப் பல கதைகள் வழங்கும். அவற்றுள் எதனை நம்பினும், எதனையும் நம்பாதுவிடினும் குற்றமில்லை. கிரியையை விதிப்படி செய்யாமையே குற்றமாம். ஆதலாற் கிரியை முந்தியது, கதை பிந்தியது என்றார்.

பலி என்பது தேவர்க்குக் கொடுக்கும் கையுறை என்றே தைலர் முதலியோர் கருதினர். சிமித்தோ, அது ஆதியிலே தெய்வமும் அடியாரும் ஒரே பந்தியில் உண்ணும் விருந்து என்றும், அதனால் அவர்க்குள் உறவு புதுப்பிக்கப்படும் என்றும் கொண்டார். அச்சத்தினின்று சமயம் பிறந்தது என்னும் பழைய கொள்கையையும் அவர் மறுத்தார். தம் இனத்தோடு உறவுடையனவாக அறியப்பட்ட தெய்வங்களிடத்து மக்கள் வைத்த அன்பு கலந்த மதிப்பே சமயத்துக்கு வித்து என்றார். மாந்திரிகமோ, தனியொருவன் தன்னலங் கருதிச் சமுதாயத்துக்குப் புறம்பாக மறைசத்திகளை வசப்படுத்த முயல்வதாம். சமயம் கூட்டத்துக்கு உரியது, மாந்திரிகம் தனியனுக்கு உரியது என்னும் இவ்வேற்றுமையை, பிரான்சு தேசத்துப் பேரறிஞர் தூர்க்கைம் தம் 1912ஆம் வருடத்துப் பெருநூலிலே விரித்துரைத்தார்.

இனி, அவர் கூறியன அனைத்தும் நிலைத்தன என்று யாம் சொல்ல வரவில்லை. சீனாய் நாட்டு அராபியர் விடியுமுன் ஒட்டகத்தைப் பலியிட்டு உண்டனர் என்று, நீலஸ் என்பவர் பெயரால் வழங்கும் பழைய வரலாற்றை அவர் பெரிதும் சார்ந்தார். அவ்வரலாறு நம்பத்தக்கதன்று எனப் பின்னோர் காட்டினர். செமித்தியர் யாவரும் ஒருகாலத்திற் குலக்குறி வணக்கத்தினர் என்பதும் ஏற்கப்படவில்லை. எல்லாச் சமயங்களையும் ஏணிப்படிகளாக அடுக்கி, தம் சமயத்தை உச்சியில் வைத்தமை அவர் காலத்தார் பலர்க்கும் பொதுவான குறை. அவ்வேணியைப் பின்வந்த மானிடவியலார் ஒதுக்கினர். கிரியையை முதலில் நோக்குக என்னும் முறையையோ கைவிட்டிலர்.

பிரசங்கங்கள் முடியுமுன்னரே சயரோகம் அவர் முள்ளந்தண்டைப் பற்றியது. நோயிற் கிடந்தும் அந்நூலின் இரண்டாம் பதிப்பைத் திருத்தினார். 1894ஆம் வருடம் மார்ச்சு மாதம் 31ஆந் திகதி, நாற்பத்தேழு வயதிலே, கேம்பிரிட்ஜில் தேகவியோகம் அடைந்தார். பிறந்த ஊராகிய கீக்கிலே அடக்கஞ் செய்யப்பட்டார். எஞ்சிய பிரசங்கங்கள் ஒரு நூற்றாண்டின் பின், 1995ஆம் வருடமே அச்சேறின.

அவரை நீக்கிய சபையின் வழிவந்த சபையார்முன், 1902ஆம் வருடம் யோர்ஜ் அடம் சிமித் என்னும் வேறொரு பேராசிரியர்மீது அத்தகைய முறைப்பாடே வந்தது. அப்போது அச்சபை வழக்கு வேண்டாவென்று தள்ளிவிட்டது. முன்னவர் இழந்த பதவியே பின்னவர்க்குக் காவலாயிற்றுப் போலும்.

பிறர் சமயத்தை அறிய விரும்புவோர், நீர் எதை நம்புகின்றீர் என்று கேட்டவுடன் எல்லாம் அறிந்துவிட்டதாக எண்ணுவர். யார் யார் கூடுகின்றனர், யாது செய்கின்றனர், எதைப் பகிர்ந்து உண்கின்றனர் என்பவற்றைப் பொறுமையோடு பார்த்தவர்க்கே அச்சமயத்தின் உயிர்நிலை புலப்படும். கொள்கைச் சொற்களின் பொருட்டு ஐந்தாண்டு விசாரிக்கப்பட்ட ஒருவர் இதனை உலகுக்கு எடுத்துக்காட்டினார். அவர் ஆராய்ச்சிக்கும் பத்திக்கும் பகை காணாது, இரண்டையும் இறுதிவரை ஓம்பினார் என்பது, அறிவை நாடும் அன்பர் எவரும் மறவாது போற்றத்தக்கதாம்.